வகுப்பு எடுத்தது நாங்கள், கையெழுத்துப் போட்டது பயனாளிப் பட்டியலில்

ராமநாதபுரம் கடற்கரையில் பாலியல் தொழிலாளர்களைப் பற்றிப் பயிற்சியும் கருத்தரங்கமும் ஆய்வும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐயா, அம்மா, கல்லூரித் தம்பி தங்கச்சிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தொண்டியில் தொடங்கி சாயல்குடி வரைக்கும் இந்தக் கடற்கரையில் எங்களை வைத்துக் கூட்டம் போடுகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி, போலீஸுக்கு விழிப்புணர்வு வகுப்பு, தொண்டு நிறுவனங்களின் கருத்தரங்கம், சமூகப் பணி படிக்கிற பிள்ளைகளின் ஆய்வு, அப்புறம் டிசம்பர் 1 எய்ட்ஸ் தினத்துக்கு முந்தின வாரம் மட்டும் எங்கள் ஞாபகம் வருகிற நிருபர்கள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தாயிற்று. "மேலே பேசுகிறோம்" என்கிறீர்கள். மேலே யார் இருக்கிறார்கள் என்று தெரியாததால் எல்லோருக்கும் பொதுவில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நான் பாலியல் தொழில் செய்கிறவள். வயது ஏறிவிட்டது, இப்போது தொழில் குறைவு. நடுவில் பல வருடம் எச்.ஐ.வி. தடுப்புத் திட்டத்தில் பியர் எஜுகேட்டராக, அதாவது எங்கள் பெண்களுக்கு எங்களில் ஒருத்தியாகவே நின்று சொல்லிக்கொடுக்கிறவளாக, இருந்தேன். பெயர் போடவில்லை. ஊரும் போடவில்லை. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுகூட உங்களுக்கு வேண்டாம். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

விஷயம் இதுதான். எங்கள் தொழிலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க எங்களைக் கூப்பிட்டால், சொல்லிக்கொடுத்ததற்குப் பணம் கொடுங்கள். மதுரையிலிருந்து வருகிற கருத்தாளருக்கு எந்தக் கணக்கில் கொடுக்கிறீர்களோ அதே கணக்கில். திட்டமெல்லாம் எழுதி முடித்து, பேனர் அடித்து, கடைசி வரிசையில் எங்களை உட்கார வைத்துக் கைதட்டச் சொல்லாதீர்கள். எழுதுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.

ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன். நடத்தியது யார் என்பது வேண்டாம். இப்படித்தான் பலரும் நடத்துகிறீர்கள். காவலர்கள் பாதி, கிராம சுகாதார செவிலியர்கள் பாதி. கருத்தாளர் நல்ல மனிதர், படித்தவர். பாலியல் தொழிலாளர்களின் வாழ்வும் மனநிலையும் என்று திரையில் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் போட்டார். வறுமை, குடிகாரக் கணவன், கல்வியின்மை, சேர்க்கை சரியில்லை. எல்லாம் சரிதான், ஒன்றும் தப்பில்லை. அப்போது பின்னால் இருந்து ஒரு இளம் காவலர் எழுந்து கேட்டார்: "சார், லாட்ஜுக்கு ரெய்டு போறோம். நாலு பொண்ணுங்க இருக்கு. எல்லாரும் அழுவாங்க. இதுல யார் விருப்பப்பட்டு வந்தது, யாரைக் கட்டாயப்படுத்திக் கூட்டியாந்தது, எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

அருமையான கேள்வி. ஸ்லைடில் அதற்குப் பதில் இல்லை. கருத்தாளர் என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அதற்கப்புறம் மதியச் சாப்பாடு வரைக்கும் நான்தான் பேசினேன்.

அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இது. முதலில் புரோக்கரையும் லாட்ஜ்காரனையும் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குக் கொண்டுபோங்கள். அவன் பார்வை படுகிற வரைக்கும் எவளும் உண்மை பேசமாட்டாள். பெண் போலீஸ் தனித்தனியாகப் பேசட்டும். எப்படி இந்தத் தொழிலுக்கு வந்தாய் என்று ஆரம்பிக்க வேண்டாம். உன் போன் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். காசு யார் கையில் போகிறது, கடைக்குத் தனியாகப் போய்விட்டு வருவாயா, இது எந்த ஊர், பஸ் ஸ்டாண்டுக்கு எந்தப் பக்கம் போகணும் என்று கேளுங்கள். சொந்தமாக வந்தவள் பஸ் நேரம் வரைக்கும் சொல்வாள். கொண்டுவரப்பட்டவளுக்கு ஊர் பெயரே சரியாகத் தெரியாது. சின்னப் பிள்ளை மாதிரித் தெரிந்தால் விருப்பம் கிருப்பம் என்ற பேச்சே கிடையாது, உடனே குழந்தைகள் நலக் குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். அந்தத் தம்பி நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒரு செவிலியர் அம்மா கேட்டார்: "வெள்ளைப்படுதல், புண்ணுன்னா ஏன் ஜி.எச்.சுக்கு வராம மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போடுறீங்க?" நான் சொன்னேன்: ஓ.பி. சீட்டு எழுதுகிற இடத்தில் "என்னம்மா பண்ணுது" என்று சத்தமாகக் கேட்கிறார்கள். பின்னால் நிற்பது பக்கத்து வீட்டுக்காரி. நான் காய்ச்சல் என்று சொல்லிவிடுவேன், காய்ச்சலுக்கு எழுதிக் கொடுப்பார்கள். சீட்டில் ஒரு நம்பர் மட்டும் போட்டு உள்ளே அனுப்பினால் போதும், பாதிப்பேர் வருவார்கள். அந்த அம்மாவும் எழுதிக்கொண்டார். செய்தாரா என்று தெரியாது, ஆனால் எழுதிக்கொண்டார்.

கூட்டம் முடிந்தது. கருத்தாளருக்குப் பொன்னாடை, கவர், வந்துபோகக் கார். எனக்கு ஒரு தயிர்சாதப் பொட்டலம், பஸ் காசு. போகும்போது ஒரு தங்கச்சி பதிவேட்டைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டது. தலைப்பைப் பார்த்தேன்: பயனாளிகள் வருகைப் பதிவு. காலையில் வந்த காவலர்களும் செவிலியர்களும் பங்கேற்பாளர், அவர் கருத்தாளர், நான் பயனாளி. அன்றைக்கு அந்த மண்டபத்தில் பயன் அடையாத ஒரே ஆள் நான்தான். போனில் வந்த ஒரு கஸ்டமரையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

இதைப் பொறாமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர் வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. நான் பியராக இருந்தபோது சமூகப் பணியில் எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் முடித்த ஒரு தம்பி புதிதாக வேலைக்குச் சேர்ந்தார். எங்கள் பெண்களிடம் நின்று பேசவே கூச்சப்படுவார். யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம், ஆணுறைப் பையை எப்படிக் கைமாற்றினால் கடைக்காரன் கவனிக்கமாட்டான், போதையில் இருக்கிறவனிடம் வியாதி என்ற பேச்சை எடுத்தால் அடிதான் விழும், அதனால் "வீட்டுக்கு எதையும் கொண்டுபோயிடாதண்ணே" என்று பிள்ளைகுட்டி ஞாபகம் வருகிற மாதிரிச் சொல்லணும் என்பதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்ததுதான். இன்று அவர் வெளியூர்களில் போய்ப் பயிற்சி கொடுக்கிறார். நல்ல பிள்ளை, தீபாவளிக்குப் போன் பண்ணுவார். பியர் எஜுகேட்டருக்குக் கொடுத்த மதிப்பூதியம் மட்டும் மதிப்பூதியமாகவே நின்றது. அதற்கு மேல் ஏற ஏணி இல்லை.

சரி, அப்படி என்னதான் எங்களுக்குத் தெரியும் என்று கேட்கலாம். இந்தக் கரையைப் பற்றி ஒரு வகுப்புக்குத் தேவையானதைச் சொல்கிறேன். இது இலவசம், மாதிரிக்கு.

இங்கே எங்கள் தொழில் கடலைப் பார்த்துத்தான் நடக்கிறது. விசைப்படகு ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்தில் மூன்று நாள் போகும். மற்ற நாள் நாட்டுப்படகுக்கு. விசைப்படகு கரைக்கு வந்து, இறாலும் நண்டும் எடை போட்டு, பங்கு பிரித்த பிறகுதான் கூலியாள் கையில் காசு. அதனால் எங்களுக்குப் படகு வந்த அன்றைக்குப் பகல்தான் வியாபாரம். நீங்கள் எங்கள் பெண்களுக்குக் கூட்டம் வைப்பது பெரும்பாலும் அந்தப் பகலில்தான், பதினோரு மணிக்கு. நாலு பேர் வந்தால் "ஆர்வம் குறைவு" என்று அறிக்கையில் எழுதுகிறீர்கள். படகு போன அன்றைக்கு வையுங்கள், மண்டபம் கொள்ளாது.

கடலில் படகைப் பிடித்துவிட்டார்கள், ஆட்களை இலங்கைக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்று சேதி வரும். அடுத்து வேலைநிறுத்தம். ஜெட்டியில் படகுகள் வரிசையாகக் கிடக்கும். மீனவர் வீட்டில் அடுப்பு எரியாதது செய்தித்தாளில் வரும், வரத்தான் வேண்டும். எங்கள் வீட்டு அடுப்பும் அதே கயிற்றில்தான் கட்டியிருக்கிறது, அது யாருக்கும் செய்தி இல்லை.

மீன்பிடித் தடைக்காலம் தெரியும் உங்களுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. மீனவக் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது, இப்போது 8,000 ரூபாய். ஆண் துணை இல்லாத, சங்கத்தில் பெயர் இல்லாத பெண்ணுக்கு அது வராது. ஆண்களில் பலர் வேலை தேடி வெளியே போய்விடுவார்கள். குழுக் கடனுக்கு மட்டும் தடைக்காலம் கிடையாது. வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்பார்கள். அந்த 61 நாளில் என்ன நடக்கிறது என்பதை எந்த ஆய்விலாவது கேட்டிருக்கிறீர்களா? வருகிற ஒன்றிரண்டு கஸ்டமரும், உறை வேண்டாம், இருநூறு சேர்த்துத் தருகிறேன் என்பான். மற்ற மாதத்தில் போடா என்று சொல்கிறவள் மே மாதத்தில் யோசிப்பாள். தவணைக்காரன் மறுநாள் வருவான். ஆணுறையை எப்படி மாட்டுவது என்று மரக்கட்டையில் செய்து காட்டுகிற வகுப்பு அவளுக்கு எதற்கு? அது அவளுக்குத் தூக்கத்தில்கூடத் தெரியும். அவளுக்கு வேண்டியது அந்த இருநூறுக்கு ஒரு மாற்று. நான் வேலை பார்த்த காலத்தில் திட்டத்துக்கான பணமும் அதே சமயத்தில்தான் இழுக்கும்; நிதியாண்டு மார்ச்சில் முடிந்து, புது ஒப்பந்தம் கையெழுத்தாகி வருவதற்குள் தடைக்காலமே முடிந்துவிடும். இதை ஒரு பியரிடம் கேட்டிருந்தால் ஜனவரியிலேயே சொல்லியிருப்பாள்.

அமாவாசை வந்தால் எங்களுக்குக் கொண்டாட்டம் என்று ஒரு அதிகாரி என்னிடமே சொன்னார். தலைகீழ் ஐயா. ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது. குடும்பம் குடும்பமாகத் திதி கொடுக்க வருவார்கள். லாட்ஜ்காரர்கள் எங்கள் நம்பரைப் பார்த்தாலே கட் பண்ணிவிடுவார்கள். பந்தோபஸ்துக்கு வெளி மாவட்டப் போலீஸ் வந்திருக்கும், அவர்களிடம் முகப்பழக்கமும் இருக்காது. நாங்கள் அந்த நாட்களில் ஊரை விட்டே நகர்ந்துவிடுவோம். நீங்களோ அன்றைக்குத்தான் பை நிறைய ஆணுறையோடு ஆள் அனுப்புகிறீர்கள்.

அப்புறம் நாங்கள் நிற்கிற இடம் என்று நீங்கள் வைத்திருக்கிற அந்த ஹாட்ஸ்பாட் வரைபடம். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, இன்ன தியேட்டர் பின்புறம் என்று புள்ளி வைத்த படம். இப்போது அங்கே யாரும் நிற்பதில்லை. எல்லாம் போனுக்குப் போய் வருடக்கணக்காகிவிட்டது. பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தி, புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கிற வரைக்கும் ராமேஸ்வரத்துக்கு ரயிலே வரவில்லை. அந்த இரண்டு வருடத்துக்கு மேல் எங்களில் எத்தனையோ பேர் இடம் மாறினோம். படத்தில் புள்ளி மாறவில்லை. போனிலும் ஒரு புதுத் தொல்லை. கஸ்டமர் ஜிபே பண்ணுகிறேன் என்பான். நம்பர் போட்டதும் வங்கியில் இருக்கிற உண்மைப் பெயர் அப்பா இனிஷியலோடு அவன் திரையில் வந்து நிற்கும். பத்து வருடமாக வேறு பெயரில் இருந்தவள் ஒரு நிமிடத்தில் அம்பலம். அதனால் பணமாகக் கொடு என்கிறோம், பணம் இல்லை என்று ஏமாற்றுகிறான். இளம் பெண்களுக்கு இன்று வேண்டிய முதல் வகுப்பு இதுதான். இதை எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் நான் பார்க்கவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள்.

இதெல்லாம் நான் புதிதாகக் கேட்கிற சலுகையும் இல்லை. 1999-இல் கொல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளியை ஒருவன் அடித்தே கொன்றான். அந்த வழக்குத்தான் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கு. 2011-இல் உச்ச நீதிமன்றம் அவன் மேல்முறையீட்டைத் தள்ளிவிட்டு, அந்த வழக்கையே எங்களைப் பற்றிய பொதுநல வழக்காக மாற்றிக்கொண்டது. ஆலோசனை சொல்ல ஒரு குழு அமைத்தார்கள். மூத்த வழக்கறிஞர்களோடு அந்தக் குழுவில் கொல்கத்தா பாலியல் தொழிலாளர்களின் சொந்த அமைப்பான துர்பார் மகிளா சமன்வய கமிட்டியும் இருந்தது. நாட்டின் பெரிய நீதிமன்றத்துக்கே எங்களைக் கேட்காமல் எழுத முடியாது என்று பட்டிருக்கிறது. எங்களுக்கான எந்தக் கொள்கையையும் திட்டத்தையும் யோசிக்கும்போதும் வடிவமைக்கும்போதும் நடத்தும்போதும் எங்களையோ எங்கள் பிரதிநிதிகளையோ சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 2022 மே 19-ஆம் தேதி நீதிபதி நாகேஸ்வர ராவ் தலைமையிலான அமர்வு கொடுத்த உத்தரவில் இந்தப் பரிந்துரைகள் எல்லாம் இருக்கின்றன. மத்திய அரசு சிலவற்றுக்குத் தயக்கம் சொன்னது. ஆனால் போலீஸுக்கு எங்களைப் பற்றிப் புரியவைக்க வேண்டும், ஆணுறை வைத்திருப்பதைக் குற்றத்துக்குச் சாட்சியாகக் காட்டக்கூடாது, ஊடகம் எங்கள் அடையாளத்தை வெளியிடக்கூடாது என்பதெல்லாம் கண்டிப்பாக நடக்க வேண்டும் என்றே உத்தரவானது. போலீஸுக்குப் புரியவைக்கிற வகுப்பை யார் எடுப்பது? எங்களைப் பார்த்தே இராதவர்களா?

இதற்கெல்லாம் முன்பே ஒன்று நடந்திருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருக்கிறது என்று முதன்முதலில் தெரிந்தது 1986-இல், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த டாக்டர் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். பெரிய வேலை, அவர்கள் பெயர் நிற்க வேண்டியதுதான். அந்தக் கண்டுபிடிப்பு பாலியல் தொழில் செய்த சில பெண்களின் ரத்தத்தில் இருந்தது. நாடு இந்த நோயைப் பற்றிப் படித்த முதல் பாடம் எங்கள் கையில் ஊசி குத்தி எடுத்தது. அதற்கப்புறம் நடந்த ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் கையை நீட்டியிருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உடம்பு பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எச்.ஐ.வி. பரிசோதிக்கிற நம்பிக்கை மையத்தில் ரத்தம். சொல்லிக்கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறோம், வாயால் சொல்வதற்குத்தான் காசு கிடையாது என்கிறீர்கள்.

காசு கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்த ஊர்களும் உண்டு. 1992-இல் கொல்கத்தாவில் பாலியல் தொழில் நடக்கிற சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா எச்.ஐ.வி. தடுப்புத் திட்டம் ஆரம்பித்தபோது, அங்கே தொழில் செய்த பெண்களையே பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தார். மூன்றே வருடத்தில் அந்தப் பெண்கள் துர்பார் என்று தங்கள் அமைப்பையும், உஷா என்று தங்கள் கூட்டுறவுச் சங்கத்தையும் ஆரம்பித்துவிட்டார்கள். நியூசிலாந்தில் 2003-இல் பாலியல் தொழில் குற்றம் இல்லை என்று சட்டத்தை மாற்றியபோது, சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பதினொரு பேர் குழு போட்டார்கள். அதில் மூன்று பேர் பாலியல் தொழிலாளர்கள் அமைப்பு நியமித்தவர்கள். அது வேறு நாடு, வேறு சட்டம், இங்கே அப்படியே வந்துவிடாது. மூன்று நாற்காலி போடலாம் என்கிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு தூரம்கூட வேண்டாம். தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கைகள் நல வாரியம் அமைத்தபோது திருநங்கைகளையே உறுப்பினராகப் போட்டார்கள். மீனவர் குறைதீர் கூட்டத்துக்கு மீனவரைக் கூப்பிடாமல் கடல் படித்த பேராசிரியரை மட்டும் கூப்பிட்டால் ராமேஸ்வரம் சும்மா இருக்குமா?

இனி நீங்கள் வழக்கமாகச் சொல்கிற பதில்கள்.

"காசு கொடுத்தால் தொழிலை ஊக்குவிக்கிற மாதிரி ஆகிவிடும்." வகுப்பு எடுத்ததற்குக் காசு கொடுத்தால் வகுப்பு எடுப்பதைத்தான் ஊக்குவிக்கிறீர்கள். அந்த ஒரு நாள் நான் லாட்ஜுக்குப் போகவில்லை. இதைவிட எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சட்டத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தொழிலைப் பற்றிய 1956-ஆம் வருடச் சட்டம் விடுதி நடத்துவதை, ஆள் பிடிப்பதை, அடுத்தவள் சம்பாத்தியத்தில் வாழ்வதை, பொது இடத்தில் அழைப்பதைக் குற்றம் என்கிறது. பாடம் நடத்தினால் குற்றம் என்று அதில் எங்கும் இல்லை.

"ஒருத்தி சொல்வதை வைத்து எல்லோரையும் பற்றி முடிவு பண்ண முடியுமா?" முடியாதுதான். எனக்குக் கரையோர லாட்ஜ் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரிக்காரர்களை நம்பித் தொழில் பண்ணுகிறவள் வேறு மாதிரி. பகலில் கருவாட்டுக் கம்பெனிக்கோ பாசி எடுக்கவோ போய்விட்டு வாரத்தில் ஒருநாள் மட்டும் இதற்கு வருகிறவள் வேறு. திருநங்கைகள் பட்டது நான் படாதது. கேரளாவுக்குப் போய்வருகிறவர்கள் தனிக் கதை. அதனால் ஒருத்தியை மட்டும் கூப்பிடாதீர்கள், நாலு பேரைக் கூப்பிடுங்கள், நாலு பேருக்கும் கொடுங்கள். நாங்கள் எங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொள்வோம், அதையும் கேளுங்கள். கருத்தாளர் ஐயா ஒருவர் நாற்பது பேரைப் பற்றிப் பேசும்போது இந்தக் கேள்வி உங்களுக்கு வரவில்லையே என்றுதான் எனக்கு லேசான சந்தேகம்.

"கட்டாயப்படுத்தப்பட்ட பெண்களை மறைக்கிறீர்கள்." இது கொஞ்சம் வலிக்கிற பேச்சு. ஒரு புதுப் பெண், வயது குறைந்த பிள்ளை இந்த வட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டால் முதலில் கண்ணில் படுவது எங்களுக்குத்தான். சோனாகாச்சியில் துர்பார் பெண்கள் இதற்கென்றே சுயக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் வைத்து, வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் பேசி, சின்னப் பிள்ளைகளையும் வற்புறுத்திக் கொண்டுவரப்பட்டவர்களையும் வெளியே எடுத்திருக்கிறார்கள். எங்களுக்கும் மனசு உண்டு. தகவல் சொன்னால், சொன்னவள் மேலேயே கேஸ் வராது என்று உறுதி மட்டும் இல்லை. இந்த விஷயத்தில் போலீஸ் எங்களை ஆலோசகராக வைத்துக்கொண்டால் லாபம் யாருக்கு என்று யோசியுங்கள்.

பணம் எப்படிக் கொடுப்பது என்பதில் கணக்குப் பிரிவு ஒரு மலையைத் தூக்கி நிறுத்தும். எனக்குத் தெரியும். பெயர், ஆதார், பான் கார்டு, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், வவுச்சரில் "பாலியல் தொழிலாளி, சிறப்புரை" என்று விவரம். அந்த வவுச்சர் ஆடிட்டர் வரைக்கும் எத்தனை கைக்குப் போகும்? ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பையன் எங்கள் தெருவாக இருந்தால்? இதற்கு வழி இருக்கிறது. விவரத்தில் "கருத்தாளர், சமூக சுகாதாரம்" என்று எழுதுங்கள், அது பொய் இல்லை. அல்லது எங்கள் பெண்கள் சேர்ந்து வைத்திருக்கிற குழுவின் கணக்குக்குப் போடுங்கள், நாங்கள் பிரித்துக்கொள்கிறோம். தொகையை முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்ததும் கையில் கவரைத் திணித்து "செலவுக்கு வச்சுக்கம்மா" என்று சொல்லாதீர்கள்.

போட்டோ வேண்டாம். குறிப்பாக அந்த ஜியோ டேக் போட்டோ. இடம், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் கீழே அச்சாகி, "பாலியல் தொழிலாளர்களுக்கான பயிற்சி" என்ற பேனருக்கு முன்னால் எங்கள் முகம். பின்னால் இருந்து எடுத்தோம் என்பீர்கள். எங்கள் ஊரில் சேலையை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். நிதி கொடுப்பவருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் எழுதிய கரும்பலகையைப் படம் எடுங்கள். காலி நாற்காலியை எடுங்கள். பேனரிலும் சமூக சுகாதாரப் பயிற்சி என்று போட்டால் யாருக்கும் குறைந்துவிடாது.

கல்லூரிப் பிள்ளைகளிடம் எனக்குக் கோபம் இல்லை. பயந்து பயந்து வருவார்கள், நாங்கள் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைப்போம். கேள்வித்தாளை எழுதிக் கொடுத்தனுப்புகிற பேராசிரியர்களிடம்தான் பேச்சு. முதல் அனுபவம் எப்போது, கணவருக்குத் தெரியுமா, ஒரு நாளைக்கு எத்தனை பேர். இதே மூன்றையும் எனக்கு முன்னாலும் பின்னாலும் எத்தனையோ பெண்களிடம் கேட்டாயிற்று. அலமாரி நிறைய ஆய்வேடு இருக்கும், எடுத்துப் பாருங்கள். குழுக் கடன் எத்தனை, வட்டி எவ்வளவு, தடைக்காலத்தில் எதை அடகு வைத்தாய், போலீஸ் பிடித்தால் யாருக்குப் போன் பண்ணுவாய், உறை கிழிந்துபோனால் 72 மணி நேரத்துக்குள் எந்த ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கிற மருந்து தொடங்கணும் என்று தெரியுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குத் தெரியாது என்று பதில் வந்தால் அங்கேயே சொல்லிக்கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்வித்தாளை அச்சடிக்கும் முன் எங்களில் ஒருத்தியிடம் காட்டி, பார்த்துக்கொடுத்ததற்கு அவளுக்கு ஒரு தொகை கொடுத்தால் உங்கள் ஆய்வும் உருப்படும். நிருபர்களுக்குத் தனியாக ஒன்றும் இல்லை, அழச் சொல்லாதீர்கள், போதும்.

அடுத்த நிதியாண்டுக்கான பயிற்சி அட்டவணையை நீங்கள் சீக்கிரமே போட ஆரம்பித்துவிடுவீர்கள். எங்களால் எடுக்க முடிந்தவை: காவலர்களுக்கு ரெய்டில் பேசும் முறை, செவிலியர்களுக்கும் ஓ.பி. சீட்டு எழுதுகிறவர்களுக்கும் அரை நாள். திட்டத்தில் புதிதாகச் சேருகிற பணியாளர்களுக்குக் களப் பயிற்சி, இதற்கு இரண்டு நாளாவது வேண்டும். லாட்ஜ் மேனேஜர்களுக்கு ஒன்று, கேட்க அவர்கள் தயாராக இருந்தால். ஒரு வகுப்புக்கு இரண்டு பேராக வருவோம். ஏப்ரல் 15-க்கும் ஜூன் 14-க்கும் நடுவில் வைத்தால் எந்த நாளும் சரி. மற்ற மாதங்களில் படகு கடலில் இருக்கிற நாளாகப் பார்த்து வையுங்கள். பஸ் காசு கட்டணத்தில் சேராது, அது தனி.

இப்படிக்கு,
கருத்தாளர் பதிவேட்டில் இன்னும் கையெழுத்துப் போடாத ஒரு கருத்தாளர்